சார்ஜனிடம் சொன்ன எண்

அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு ஐம்பது. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது, வானம் மூடியே கிடந்தது, காற்று இல்லை. மலேசியாவின் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவில், எங்கள் வீட்டுப் பின்புறம் நான் வைத்திருக்கும் மழைமானியில் முப்பத்தொரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றது. அரசாங்கத்துக்காக முப்பத்து நான்கு ஆண்டுகள் மழை அளந்தவன் நான். ஓய்வு பெற்றுப் பதினேழு ஆண்டுகள் ஆகியும், அளந்து எழுதாமல் காப்பியில் வாய் வைப்பதில்லை.

உள்ளே வந்து சுவர் நாட்காட்டியில் 31 என்று எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் 13 என்று இருந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் 13.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எதையாவது தப்பாக எண்ணினால் பத்துக் காசு அபராதம். பிஸ்கட் டின்னில் போட வேண்டும். பிள்ளைகள் கூட்டல் பழகட்டும் என்று நான் கொண்டுவந்த சட்டம். அவர்கள் நிறையப் போட்டிருக்கிறார்கள். நான் ஒரு தடவையும் போட்டதில்லை.

அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி சரோஜா நாட்காட்டியைப் பார்த்தாள்.

“ராத்திரி பூரா கொட்டுச்சு, பதிமூணுதானா? எடுத்து வைங்க பத்துக் காசு” என்று சிரித்தவள், என் காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். “ஏங்க, வலது கால் செருப்பு எங்க?”

செருப்பு மழைமானிக்குப் பக்கத்தில் சேற்றில் கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை.

ஆறு வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தலையை இடித்துக்கொண்டேன். புடைப்பு இரண்டு நாளில் வற்றியது. தைலம் தேய்த்ததோடு மறந்துவிட்டேன். இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: எழுபது தாண்டியவர், அதிலும் என்னைப் போல் இதயத்துக்காக இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர், தலையை இடித்துக்கொண்டால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். வலி இல்லை என்பது ஒரு கணக்கே இல்லை.

மகள் கலா, ஈப்போவில் பள்ளி ஆசிரியை, விடுப்புச் சொல்லிவிட்டுத் தன் காடியை ஓட்டிக்கொண்டு வந்தாள். பத்து காஜா மருத்துவமனையில் ஒரு டாக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்றேன். அடுத்து எழுபத்தெட்டு என்றேன். என் வாயிலிருந்து வந்ததை என் காதே ஏற்கவில்லை. திருத்த முயன்றேன், சரியான எண் வரவில்லை. அன்றைக்கு எனக்கு உண்டான பயம், பின்னால் தலையில் துளை போடுவார்கள் என்று கேட்டபோதுகூட உண்டாகவில்லை.

ஆம்புலன்சில் ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே ஒரு மணி ஐம்பது நிமிடம். குளிரூட்டி நேராக என் தலைக்கு மேல். சரோஜா தன் துண்டை எடுத்து என் காதைச் சுற்றிக் கட்டினாள். மாலையில் ஒரு பெண் டாக்டர், கலாவைவிடச் சின்னவர், படத்தைக் காட்டினார். மூளையின் இடப்பக்கம் பிறை போல ஒரு பட்டை தெரிந்தது.

இதற்கு ‘சப்டூரல்’ இரத்தக்கட்டு என்று பெயர். மூளையைச் சுற்றி ஒரு கெட்டியான உறை இருக்கிறது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கி, உறைக்கும் அதற்கும் நடுவே இடம் விழும். அந்த இடத்தைக் கடந்து போகும் சிறு இரத்தக்குழாய் ஒன்று இடிபட்டு அறுந்தால், இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, பல வாரங்கள் கழித்து மூளையை அமுக்கும். இடப்பக்கம் அமுக்கினால் வலப்பக்கக் கை கால் தளரும். எண்ணும் எழுத்தும் தடுமாறும். என்னுடைய பட்டையின் தடிமன் பத்தொன்பது மில்லிமீட்டர். நல்ல மழைதான்.

“மண்டை ஓட்டுல ரெண்டு துளை போட்டு அந்த ரத்தத்த வடிச்சிடுவோம் அங்கிள்” என்றார் டாக்டர். “ஆனா நீங்க சாப்பிட்ட மாத்திர ஒடம்புலேர்ந்து இறங்கணும். அடுத்த செவ்வாய் செய்வோம். அதுக்கு முன்ன மோசமானா ஒடனே செய்வோம்.”

அடுத்த செவ்வாய் என்றால் தீபாவளிக்கு மறுநாள்.

சரோஜாவின் தம்பி சிங்காரம் அன்றிரவே தனியார் மருத்துவமனையில் விசாரித்து வந்துவிட்டான். முப்பத்தெட்டாயிரம் வெள்ளி, பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். எனக்கு ஓய்வூதியர் அட்டை இருக்கிறது. அரசாங்க வார்டில் அறுவைக்குக் காசில்லை. இருந்தாலும் அந்த முப்பத்தெட்டாயிரம் இரண்டு இரவு என்னைத் தூங்கவிடவில்லை. மலிவு பார்த்துச் சாகப் போகிறேனோ என்று ஒரு பக்கம். வீட்டை அடகு வைத்துப் பிழைத்து என்ன செய்ய என்று ஒரு பக்கம்.

ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. குமரனுக்குச் சொல்வதா, வேண்டாமா?

குமரன் என் மகன். கலாவுக்கு எட்டு வயது இளையவன். இராணுவத்தில் கார்ப்பரல். அப்போது அவன் சிறப்புப் படைக்கான பயிற்சியில் இருந்தான். மூன்று மாதத்துக்குத் தொலைபேசி கிடையாது. அந்தப் பயிற்சியைப் பற்றி அவன் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். முதலில் முகாமில் சில வாரங்கள், தூக்கத்தைக் குறைத்து ஓட விடுவார்கள். பிறகு முழுச் சுமையோடு நெடுநடை. பிறகு காடு, சதுப்பு, கடல். இன்னொரு கட்டத்தில் சாப்பாடும் காசும் இல்லாமல் கரையில் இறக்கிவிட்டு, பிடிபடாமல் தப்பித்துப் போகச் சொல்வார்கள். எப்படிப் போனாலும் பிடிப்பார்கள். பிடித்து உட்கார வைத்து விசாரிப்பார்கள். அங்கே பெயர், எண், பதவி மூன்றுக்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. நடுவில் எந்தக் காரணத்துக்காக வெளியேறினாலும், அது உண்மையான காரணமே ஆனாலும், அடுத்த தொகுதியோடு முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். குமரனுக்கு அடுத்த தொகுதி கிடையாது. வயது வரம்பு முடிகிறது. இது அவனுடைய இரண்டாவது தடவை.

முதல் தடவை மூன்றாவது வாரத்தில் திரும்பி வந்தான். கால் விட்டுப்போகவில்லை; கணக்கு விட்டுப்போனது. இரவில் காட்டில் திசையையும் காலடியையும் வைத்துத்தான் தூரம் தெரியும். இத்தனை அடி என்றால் நூறு மீட்டர் என்று எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். தூக்கமில்லாத மூன்றாம் இரவில் அவனுக்கு எண்ணிக்கை கலைந்து, தன் ஆட்களைத் தப்பான ஓடைக்குக் கொண்டுபோய்விட்டான்.

“ஒடம்பு இருக்குப்பா. தலதான் நிக்கல” என்றான்.

தலையை நிற்க வைப்பது என்னால் முடிந்த காரியம். ஈப்போவுக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக் குன்றின் மேல் சீனக் கோயில் இருக்கிறது. ஆறு மாதம், விடுப்பு கிடைத்த ஞாயிறெல்லாம், இருபது கிலோ மணல் மூட்டையோடு அவன் அந்தப் படிகளில் ஏறி இறங்கினான். ஒவ்வொரு படியையும் வாய்விட்டு எண்ண வேண்டும். நான் குடையோடு கீழே நின்று தப்பான எண்களைக் கத்துவேன். அவன் எண்பத்தாறு என்றால் நான் அறுபத்தெட்டு என்பேன். அவன் தன் கணக்கை விடாமல் ஏற வேண்டும். முதல் மாதம் கலைந்தான், கோபப்பட்டான். ஆறாம் மாதம், நான் என்ன கத்தினாலும் அவன் குரல் மேலே போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கோயிலின் பலகையில் 240 படிகள் என்று எழுதியிருக்கிறது. அது தவறு. 237 தான். நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன், பலகை மாறவில்லை.

ஆகவே வார்டில் நாங்கள் மூவரும் பேசி முடிவெடுத்தோம்: குமரனுக்குச் சொல்ல வேண்டாம். கலா அரை மனதாகத்தான் தலையாட்டினாள்.

சிங்காரத்தை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவன் இருந்த நாளில், சாவோ, சீக்கோ, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயம் லயமாகப் போய்ச் சேதி சொல்வது அவன் வேலை. யாரும் கூலி கொடுத்து வைத்த வேலையில்லை; அவனாக எடுத்துக்கொண்டது. தோட்டம் விற்றுப் பதினைந்து ஆண்டு ஆகிறது. லயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இப்போது போனில் சொல்கிறான். சனிக்கிழமை வந்து என்னைப் பார்த்தான். வாசலுக்குப் போய் இராணுவ முகாமின் எண்ணைத் தேடிப் பிடித்து, குமரனின் அப்பா இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று சொல்லிவிட்டான்.

அந்த வாரம் எனக்கு எப்படிப் போனது என்றும் சொல்ல வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மிஸி, அதாவது தாதி, வந்து கண்ணில் விளக்கடிப்பார். தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். பெயர் என்ன, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார். தலையில் அடிபட்டவருக்கு நினைவு மங்குகிறதா என்று பார்க்கும் முறை இது. நான் கிழமையோடு தேதியும் மணியும் சேர்த்துச் சொல்வேன். அவர் கேட்காவிட்டாலும் ஜன்னலைப் பார்த்து மழையும் சொல்வேன்.

“அங்கிள், ஒங்கள கேட்டா வானிலை அறிக்கையே வருது லா” என்றார் ஓர் இந்திய மிஸி.

அங்கே என் மகனையும் இப்படித்தானே உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றும். அவன் மூன்று பதிலோடு நிறுத்துகிறான். நான் நிறுத்தத் தெரியாமல் பேசுகிறேன். பேச்சு நின்றால் தலை நின்றுவிடும் என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, பார்வையாளர் நேரம். சரோஜா எனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கலாவின் கைத்தொலைபேசி அடித்தது. கேட்டவளின் முகம் மாறியது. “அப்பாகிட்டயே பேசுங்க” என்று மலாயில் சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

பேசியவர் பயிற்சி முகாமில் விசாரணை நடத்தும் இராணுவ சார்ஜன். மலாயில் நடந்த பேச்சைத் தமிழில் எழுதுகிறேன்.

“கார்ப்பரல் குமரனோட அப்பாவா?”

“ஆமா. அங்க இப்ப மணி என்ன?” யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது அதுதான்.

“நாலு பத்து.”

“நாலு பன்னிரண்டு. உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னால ஓடுது.”

“சரி, ஐயா” என்றார். பிறகு மரியாதையாக விஷயத்துக்கு வந்தார். என் நிலைமை பற்றித் தகவல் வந்ததாம். மகனுக்குத் தெரிவிப்பது முறை என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். தெரிவித்தார்களாம்.

“அவன் நம்பல, ஐயா. தப்பு எங்க மேலதான். இந்தக் கட்டத்துல எல்லாருக்கும் இதத்தான் சொல்றோம். அப்பா சாகக் கெடக்காரு, பொண்டாட்டி ஓடிட்டா, இதுல கையெழுத்து போட்டா வீட்டுக்குப் போலாம்னு. நெஜத்த சொல்லியும் பேரு, எண்ணு, பதவியே சொல்றான். உங்களுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்ணு சொல்லுங்க. அத நான் அவன்கிட்ட சொல்றேன். நம்பினான்னா வண்டி தயாரா இருக்கு. காலையில உங்க பக்கத்துல இருப்பான். வந்துட்டா பயிற்சி போயிடும். அதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

கலா என் தோளைப் பிடித்தாள். “சொல்லுங்கப்பா. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. அவன் வரட்டும் லா.”

வரட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. அறுவையின்போது என் பக்கத்தில் ஆண்பிள்ளை ஒருவன் நிற்க வேண்டும். நடக்கக் கூடாதது நடந்தால் என்னைத் தூக்க அவன் வேண்டும். சரோஜா ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். சரியாக ஒன்று சொன்னால் காலையில் என் மகன் வருவான். அந்த வாரம் முழுக்க நான் வேண்டிக்கொண்டிருந்த ஒரே விஷயம், தலைக்குள்ளிருந்து ஓர் எண் சரியாக வர வேண்டும் என்பது. அப்போது அது வந்தது. இருநூற்று முப்பத்தேழு. பளிச்சென்று வந்தது.

“அவன் பழகின குன்றுல எத்தன படின்னு கேளுங்க” என்றேன். “பதில், இருநூத்தி நாப்பது.”

சார்ஜன் எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். சரி என்றேன். போனை வைத்தேன்.

தவறான எண்ணைக் கேட்டதும் இது விசாரணை செய்பவர்களின் ஜோடனைதான் என்று அவன் தள்ளிவிடுவான். அதுதான் என் திட்டம்.

சரோஜா சுளையைத் தட்டில் போட்டாள். “எரநூத்தி நாப்பதா? கோயில்காரனுக்கு மூணு கடிதாசி போட்ட மனுசனா நாப்பதுன்னு சொல்றீங்க?” என்று கேட்டவள் அழுதேவிட்டாள். கட்டு பெருத்து என் தலை கெட்டுவிட்டது என்று அவளுக்கு உறுதி. கலா மிஸியிடம் ஓடினாள். மிஸி டாக்டரைக் கூப்பிட்டார். உண்மையைச் சொன்னால் கலா உடனே முகாமுக்குப் போன் போட்டு எண்ணைத் திருத்துவாள். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காததே இன்னும் பெரிய அறிகுறி ஆகிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். அதே பத்தொன்பது மில்லிமீட்டர்.

“ஏதும் மாறலியே அங்கிள், என்னதான் ஆச்சு?” என்றார் டாக்டர்.

“ஒண்ணும் ஆகல டாக்டர். இப்ப நூறுலேர்ந்து கழிக்கச் சொல்லுங்க.”

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு வரை போனேன். அதற்கு மேல் வரவில்லை. ஆனாலும் எழுபத்தொன்பதைத் தாண்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வார்டு வாசலைப் பார்த்தேன். வரக் கூடாது என்று பார்த்தேனா, வந்துவிட மாட்டானா என்று பார்த்தேனா, எனக்கே தெரியாது. அவன் வரவில்லை. தீபாவளிக்குச் சரோஜா எண்ணெய்க்குப் பதிலாக என் நெற்றியை ஈரத் துணியால் துடைத்தாள்; தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது என்று மிஸி சொல்லியிருந்தார். கலா கொண்டுவந்த முறுக்கைப் பக்கத்துக் கட்டில் சீனப் பெரியவர் ஐந்து தின்றார். சிங்காரம் கோழிக்கறியோடு வந்து தலைகுனிந்து நின்றான்.

“நல்லதுன்னுதான் சொன்னேன், மச்சான்.”

“நல்லதுதான். ஒக்காந்து சாப்பிடு” என்றேன். நல்லதா கெட்டதா என்று அப்போது எனக்கும் தெரியாது.

செவ்வாய் காலை எட்டு மணிக்குத் தலையைச் சிரைத்தார்கள். முகமூடியை வைத்து எண்ணச் சொன்னார் மயக்க டாக்டர். படிகளை எண்ணினேன். ஒன்பதாம் படி வரை நினைவிருக்கிறது. விழித்தபோது தலையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கீழே ஒரு பைக்குப் போயிற்று. அடுத்த இரண்டு நாள் தலையணை இல்லாமல் தட்டையாகவே படுக்க வேண்டும். எழுந்தால் காற்று உள்ளே போய்விடும். பையில் அடர் எண்ணெய் நிறத்தில் பழைய இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. பையில் அளவுக்கோடு இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். நூற்றுப் பத்து மில்லிலிட்டர். புதன்கிழமை சரோஜா நாட்காட்டித் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். படுத்தபடியே அதில் 31 என்று எழுதினேன். 31 என்றே இருந்தது. அவள் அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குமரனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வெயில், மழை என்று நாட்கள் போயின. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாசலில் சத்தம் கேட்டது. எலும்பும் தோலுமாக, கன்னம் ஒட்டி, தலையில் புதுத் தொப்பியோடு என் மகன் நின்றான். அது சிறப்புப் படையின் தொப்பி; நிறத்தைப் பார்த்ததும், பயிற்சியை முடித்துவிட்டான் என்று தெரிந்துவிட்டது. சரோஜா அவன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவன் என் தலையில் இருந்த இரண்டு குழிகளை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“தெரியும்ப்பா” என்றான்.

“என்ன தெரியும்? சார்ஜன் சொன்னத நம்பலதானே?”

“மொதல்ல நம்பல. எத்தன படின்னு கேட்டாரு பாருங்க, அப்ப நம்பிட்டேன். அந்தக் கேள்வி ஒங்களுது. ஒலகத்துல வேற யாரும் அத கேக்க மாட்டாங்க. அவரு சொன்ன பதில்தான் ஒங்களுது இல்ல.”

நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை. பதிலைப் பொய்யாக்கினேன், கேள்வியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

“அப்புறம் ஏன்டா வரல?” என்று கலா கேட்டாள்.

“அப்பா கீழ நின்னு தப்பு எண்ணு கத்துனா என்ன அர்த்தம்? என் கணக்க விடாம ஏறணும். ஆறு மாசம் அதத்தானே பழகினோம்.” கொஞ்சம் நிறுத்தினான். “இல்லாட்டி தல கெட்டுப்போச்சு, அதனால தப்பா சொல்றாருன்னும் இருக்கலாம். அதுதான் பயம். எதுன்னு தெரியாம ஒக்காந்திருந்தேன். சார்ஜன் வெளிய போறப்ப இன்னொருத்தர்கிட்ட மெதுவா சொன்னாரு, அந்தக் கெழவர் எங்கிட்ட ஒங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னால ஓடுதுன்னாருன்னு. சரி, தல நல்லாத்தான் இருக்கு, வராம இங்கயே இருக்கச் சொல்றாருன்னு புரிஞ்சிக்கிட்டேன்.”

“அதுக்கப்புறம் தூங்கினியா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. படி எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

 பிறகு அவன் எழுந்து போய் அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை எடுத்து வந்து, மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினான்.

“என்ன காரணமா இருந்தாலும் தப்பு தப்புதான் லா. எரநூத்தி முப்பத்தேழு. எடுங்க.”

சரோஜா சிரித்தாள். கலா என் சட்டைப்பையில் கைவிட்டுச் சில்லறை தேடினாள். வேண்டாம் என்று நானே எடுத்துப் போட்டேன்.

அறுவைக்கும் வார்டுக்கும் ஓய்வூதிய அட்டை போதுமாக இருந்தது. காடி நிறுத்திய கட்டணம், அதற்குப் போட்ட எண்ணெய், சரோஜாவும் கலாவும் வெளியே சாப்பிட்டது, படுக்கையில் எனக்குக் கட்டிய அணையாடைகள், குளியலறைக்கு ரப்பர் விரிப்பு, சுவரில் பிடிமானக் கம்பி, பிஸ்கட் டின்னில் போட்டது, எல்லாம் சேர்த்து இந்த நோயால் எனக்கு ஆன செலவு எண்ணூற்று அறுபத்து நான்கு வெள்ளி பத்துக் காசு.